பிடித்த ராக் பாட்டின் அரைகுறை டெமோவைக் கேட்டால் மயக்கம் கலைந்துவிடாதா?

கலையாது. எனக்கு நேர்மாறாகத்தான் நடந்தது. உங்கள் கேள்வியைப் பார்த்தால், உயிராய் நினைக்கும் ஏதோ ஒரு பாட்டின் டெமோ, அதாவது முறையான பதிவுக்கு முன்னால் எடுத்த மாதிரிப் பதிவு, கையில் கிடைத்து, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறீர்கள் போலிருக்கிறது. கேளுங்கள்.

இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் நான் ஒரு பாட்டு எழுதினேன். ஹாஸ்டல் அறையில் கிட்டாரோடு பாடிக் காட்டினேன். நன்றாக வாசிக்கும் சீனியர் ஒருவர் முழுவதும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் தானா வரணும்டா, உனக்கு வரல" என்றார். அப்படியே நம்பிவிட்டேன். கிட்டார் உறைக்குள் போய் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பெரிய பாட்டெல்லாம் முழுசாகவே பிறக்கும் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

அந்தக் கோடை விடுமுறைக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா, பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் 'ஆந்தாலஜி 2' சிடிக்களைக் கொண்டுவந்தார். 1996-இல் வெளியான தொகுப்பு. அதில் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டின் டெமோ இருந்தது. குழுவின் பாடகர் ஜான் லெனன் தனியாக வாசிக்கிறார். கிட்டார் இடறுகிறது, நிறுத்துகிறார், மறுபடி தொடங்குகிறார். லெனனுக்கும் இடறுமா! அன்று ராத்திரி அதை மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 1966-இல் ஸ்பெயினின் அல்மேரியாவில் ஒரு படப்பிடிப்புக்குப் போயிருந்தபோது இதை எழுதத் தொடங்கியிருக்கிறார். ஸ்ட்ராபெரி ஃபீல்ட் என்பது லிவர்பூலில் அவர் வளர்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிறுவர் இல்லம். முதலில் எழுதிய வரியின் பொருள், 'என் அலைவரிசையில் யாரும் இல்லை'. பிறகு அதுவே 'என் மரத்தில் யாரும் இல்லை' என்று ஆனது. அலைவரிசை என்றபோது அது வெறும் புலம்பல். மரம் என்றதும் கிளையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் எனக்குத் தெரிந்தான்.

என் நோட்டை எடுத்தேன். 'எனக்குத் தனிமை பிடிக்கும்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, மொட்டை மாடியில் ஒரே ஒரு நாற்காலி என்று எழுதினேன். அந்த ஒரு வரி மாறியதும் மெட்டும் நகர்ந்தது. பாட்டு முடிய ஐந்து மாதம் ஆனது.

ஆனால் கல்லூரி விழாவில் அதைப் பாட விடவில்லை. சினிமாப் பாட்டு மட்டும்தான் பாடலாமாம், விதியாம். சொந்தமாக எழுதுகிற பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? இன்றும் பல கல்லூரிகளில் இதே கதைதான் என்று கேள்விப்படும்போது வயிறு எரிகிறது.

சரி, பாட்டுக்கு வருகிறேன். 1966 நவம்பர் 24 அன்று லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பதிவு தொடங்கியது. ஒரு பாட்டை ஒவ்வொரு முறை வாசித்துப் பதிவதும் ஒரு டேக். முதல் டேக்கில் பல்லவி முதலில் வராது, சரணத்தில்தான் பாட்டு தொடங்கும். ஏழாவது டேக்கில் பல்லவி முன்னுக்கு வந்துவிட்டது. அதுவும் லெனனுக்குத் திருப்தியில்லை. குழுவின் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் டிரம்பெட்டும் செல்லோவும் சேர்த்து எழுத, இன்னொரு வடிவம் உருவானது. கடைசியில், ஏழாவது டேக்கின் தொடக்கமும் வேண்டும், புது வடிவத்தின் முடிவும் வேண்டும் என்றார் லெனன். இரண்டுக்கும் சுருதி வேறு, வேகமும் வேறு. டேப்பை மெதுவாக ஓட்டினால் வேகத்தோடு சுருதியும் இறங்கும். அதை வைத்துத்தான் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் இரண்டையும் ஒட்டினார்கள். 1967 பிப்ரவரியில் பாட்டு வெளியானது.

பீட்டில்ஸ் ராக்கே இல்லை என்று சண்டைக்கு வருபவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு வரட்டும். மார்ட்டின் மாதிரி ஒருவர் பக்கத்தில் இருந்தால் யாருக்கும் வரும் என்பார்கள். வீட்டு டெமோவில் மார்ட்டின் இல்லை, அந்த மரம் லெனனுடையது. எல்லா டெமோவும் கேட்கத் தகுந்தது என்றும் நான் சொல்லவில்லை. காசுக்காகக் கிளறிப் போடும் மிச்சம் மீதியும் நிறைய உண்டு.

நீங்கள் முதலில் டெமோ, பிறகு முதல் டேக், ஏழாவது டேக், கடைசியாக வெளியான பாட்டு என்று வரிசையாகக் கேளுங்கள். வெளியான பாட்டில் சுமார் ஒரு நிமிடம் ஆகும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை பல்லவி வரும் இடத்தில் ஒட்டு இருக்கிறது. செல்லோக்கள் நுழையும், குரல் கொஞ்சம் கனத்துப்போகும். எத்தனையோ வருடமாகக் கேட்கிறேன், அந்த இடம் நெருங்கினால் இன்னமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.