வேனிற்காலத்து ஒற்றை வரிகள்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதிவருகிறேன். ஒரு தையற்கூடத்தில் மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டியபோது, மற்ற மாதங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் நான், கோடையில் மட்டும் நாளுக்கு ஒரு வரியோடு நிறுத்தியிருப்பதைக் கண்டேன். சென்ற கோடையின் சில வரிகளை அப்படியே தருகிறேன்.

‘புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு மூன்றாம் நாளே தலைசுற்றல். மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.’

‘மகனுடன் சண்டை. காரணம் நினைவில்லை.’

‘மாலைப் பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. வியர்வையைத் தவிர வேறு நினைவே இல்லை.’

‘கீழ்வீட்டுப் பெரியவர் இன்றும் கதவைத் திறந்துவைத்து வாசலில் உட்கார்ந்திருந்தார்.’

இவ்வளவுதான். அந்தக் கோடையின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன். வேலை, வீடு, பிரார்த்தனை, அக்கம்பக்கம் எல்லாமே வெயிலில் வாடிச் சுருங்கிவிட்டதுபோல் இருக்கிறது. இவற்றை எழுதுவதில் ஏதேனும் பொருள் உண்டா? கோடை முடியும்வரை நாட்குறிப்பை மூடிவைத்துவிடலாமா?

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மூடிவைக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய பக்கங்கள் அனைத்தையும் இரண்டு முறை படித்தேன். அந்த வரிகள் வெறுமையானவை என்ற உங்கள் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. எழுதும் அளவுக்கு உடலில் தெம்பு இல்லாத நாட்களிலும் எதை விட்டுவிடக் கூடாது என்று உங்கள் கை தானாகவே தேர்ந்தெடுத்திருக்கிறது. அப்படித் தேர்ந்தெடுத்த நான்கு வரிகளிலும் இன்னொரு மனிதரோ கடவுளோ இருக்கிறார்கள் என்பதை நீங்கள் கவனித்தீர்களா?

முதல் வரியை எடுத்துக்கொள்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணை மூன்றாம் நாள் மதியமே வீட்டுக்கு அனுப்பியதை, அன்றைய உற்பத்தியில் விழுந்த ஒரு குறைபோல எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மிக ஆபத்தான நாட்கள் முதல் சில நாட்கள்தாம். மனித உடல் வெப்பத்துக்குப் பழகுவதற்கு ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. அந்தக் காலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அவ்வியர்வையோடு வெளியேறும் உப்பின் அளவு குறைகிறது, இதயம் முன்பைவிடக் குறைவாகத் துடித்தே அதே வேலையைச் செய்துமுடிக்கிறது. பழகாத உடலுக்கு இவற்றில் எதுவும் வாய்ப்பதில்லை. பத்தாண்டு அனுபவமுள்ள ஒருவருக்குப் பக்கத்தில், அவருக்கு இணையாகத் தைத்துக் காட்ட வேண்டும் என்ற வேகத்தோடு அமர்ந்திருக்கும் புதியவர், தண்ணீர் குடிக்க எழுந்திருப்பதற்குக்கூடத் தயங்குவார். அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் தேசிய நிறுவனம், புதியவரை முதல் நாள் வழக்கமான வேலை நேரத்தில் 20 சதவீதம் மட்டுமே வெப்பத்தில் நிறுத்த வேண்டும் என்றும், பிறகு நாளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்றும் பரிந்துரைக்கிறது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல், 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை. இந்தக் கணக்கு எதுவும் உங்கள் முன்னால் அன்று இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தீர்கள், அனுப்பிவைத்தீர்கள். அந்த வரிக்குக் கீழே, அவர் முகத்தில் எதைக் கண்டு அப்படி முடிவெடுத்தீர்கள் என்பதை நினைவிருக்கும்வரை இப்போதாவது எழுதிச் சேர்த்துவிடுங்கள். உங்களுக்குப் பின் அந்த இருக்கையில் அமரப்போகிறவருக்கு அது பயன்படும்.

மகனோடு நடந்த சண்டையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடலின் உள்வெப்பம் இரவில் சற்றுத் தணிந்தால்தான் நல்ல உறக்கம் வரும். இரவும் வெம்மையாகவே கழியும் நாட்களில் ஒரே கூரையின்கீழ் இருப்பவர்கள் அனைவரும் அரைத்தூக்கத்தோடுதான் எழுந்திருக்கிறார்கள். ‘காரணம் நினைவில்லை’ என்று எழுதியிருப்பதே போதுமான அளவு உண்மை. சமாதானமானது எப்படி என்பதை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்பது ஒன்றே எனக்குக் குறையாகப் பட்டது. பதின்வயதுப் பிள்ளைகள் மன்னிப்பைச் சொல்லால் கேட்பது அரிது. மின்விசிறியை அம்மாவின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார்கள். அப்படி ஏதாவது நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பிரார்த்தனையைப் பற்றிய வரியில் ஒரு குற்றவுணர்வு தெரிகிறது. உடலின் அவதி பக்தியைக் கெடுத்துவிட்டது என்று வருந்துகிறீர்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. இஸ்லாமிய ஆண்டு நிலவைக் கொண்டு கணக்கிடப்படுவதால் 354 அல்லது 355 நாட்களே கொண்டது, ஆகவே ரமலான் மாதம் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாட்கள் முன்னதாக வந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி முடிக்கிறது. பதினைந்து வயதில் நெடும்பகல் கொண்ட கோடையில் நோன்பு நோற்ற ஒருவர், நாற்பத்தெட்டு வயதில் அதே கோடையை வேறோர் உடலோடு சந்திக்கிறார். நோயாளிகளும் பயணத்தில் இருப்பவர்களும் அந்த நாட்களை வேறு காலத்தில் நோற்றுக்கொள்ளலாம் என்ற சலுகை, நோன்பைக் கடமையாக்கும் அதே வேத வரிகளிலேயே இருக்கிறது. சிறியவர்களுள் ஒருவருக்குக் குளிர்ந்த நீர் ஒரு கிண்ணம் கொடுத்தவரும் அதற்கான பலனை இழக்கமாட்டார் என்று இயேசு சொன்னதாக மத்தேயுவின் நற்செய்தி கூறுகிறது. தாகமும் களைப்பும் கொண்ட உடலோடுதான் மனிதன் தன் முன் வந்து நிற்பான் என்பதைக் கடவுள் அறிவார் என்ற நம்பிக்கை இவற்றுக்குள் இருக்கிறது. வியர்வையின் நினைவோடும் எழுந்து போகாமல் கடைசிவரை நின்றீர்கள் அல்லவா, அந்த நிற்றலை நான் பிரார்த்தனை என்றே கருதுகிறேன்.

இனி, உங்கள் நான்காவது வரிக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நம் அகப்பொருள் இலக்கணம் பாலைத் திணைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் நண்பகலைச் சிறுபொழுதாகவும் வகுத்து, பிரிவை அதன் உரிப்பொருளாக வைத்தது. பொருள் தேடிப் போகிறவனின் வழியில் நிழலற்ற மரங்களையும் வற்றிய சுனைகளையும் பாடிய கவிஞர்கள், வெயிலுக்கும் தனிமைக்கும் இடையிலுள்ள உறவைத் தெளிவாகவே கண்டிருந்தார்கள். இளமையில் இதை ஒரு கவிமரபு என்ற அளவில்தான் படித்தேன். வெயிலால் இறந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைப் பின்னர் படித்தபோதுதான், அந்த இணைப்பு எவ்வளவு துல்லியமானது என்பது எனக்கு விளங்கியது.

1995 ஜூலை மாத நடுவில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வெப்பம் 41 பாகை செல்சியஸைத் தொட்டது. காற்றின் ஈரப்பதமும் மிகுந்திருந்தது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது, ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் உடலைவிட்டு நீங்குகிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடும், உடல் நனையுமே தவிரக் குளிராது. ஒரு வாரத்துக்குள் அந்த நகரில் வழக்கத்தைவிட 700க்கும் மேற்பட்டவர்கள் கூடுதலாக இறந்தார்கள். அவர்களுள் பலர் முதியவர்கள், தனித்து வாழ்ந்தவர்கள். எரிக் கிளைனென்பெர்க் என்ற சமூகவியலாளர், அடுத்தடுத்து அமைந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். இரண்டிலும் வறுமை இருந்தது, தனித்து வாழும் முதியவர்களும் இருந்தார்கள், இரண்டின்மீதும் ஒரே வெயில்தான் காய்ந்தது. ஆனால் வடக்கு லாண்டேலில் ஒரு லட்சம் பேருக்கு 40 பேர் என்ற விகிதத்தில் இறந்தார்கள், தெற்கு லாண்டேலில் அது 4 பேர்தான். வடக்கில் பல வீடுகள் கைவிடப்பட்டிருந்தன, கடைகள் மூடப்பட்டிருந்தன, தெருவில் இறங்க அஞ்சிய முதியவர்கள் சன்னலையும் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். தெற்கில் தெருவில் எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருந்தது, ஆகவே வயதானவர்களும் வாசலுக்கு வந்தார்கள், கடைக்கு நடந்தார்கள், நாலு பேர் கண்ணில் பட்டார்கள்.

2003 ஆகஸ்டில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் வெயிலுக்குப் பலியானார்கள். பலர் விடுமுறைக்கு ஊரைவிட்டுப் போயிருந்த மாதம் அது. பாரிசில் உறவினர் எவரும் வந்து கேட்காத 57 உடல்களை நகர நிர்வாகமே அடக்கம் செய்தது, அந்நாட்டின் அதிபர் அந்தச் சடங்கில் சென்று நின்றார். அதன் பிறகுதான், தனித்து வாழும் முதியவர்களுள் விருப்பமுள்ளவர்களின் பெயர்களை உள்ளூர் நிர்வாகங்கள் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்றும், கடும் வெயில் நாட்களில் அவர்களைத் தேடி விசாரிக்க வேண்டும் என்றும் சட்டம் செய்தார்கள். ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்பதற்காக ஒரு நாடு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

என் வாழ்விலும் இதுபோல் ஒன்று நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன், நான் எழுதும் மேசைக்கு எதிரே, அடுத்த கட்டடத்தின் மாடியில் ஒரு மூதாட்டி தனியாகக் குடியிருந்தார். நாள்தோறும் விடியற்காலையில் துணி துவைத்துக் கொடியில் உலர்த்துவார். கோடையில் ஒரு மணி நேரத்தில் எல்லாம் காய்ந்துவிடும், சாயம் வெளுத்துவிடுமே என்று ஏறுவெயிலுக்கு முன்பே எடுத்து மடித்துவிடுவார். ஒரு நாள் நடுப்பகல் தாண்டியும் துணிகள் கொடியிலேயே தொங்குவதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன், கவனிக்காமல் இல்லை. ‘இன்று மறந்துவிட்டார்போலும்’ என்று எண்ணிக்கொண்டு பாதியில் நின்ற வாக்கியத்துக்குத் திரும்பிவிட்டேன். மாலையில் அந்தக் கட்டடத்துக் காவலாளி வேலைக்கு வந்தார், தலையை உயர்த்திக் கொடியைப் பார்த்தார், நேரே மாடியேறிக் கதவைத் தட்டினார். அந்த அம்மாள் உள்ளே தரையில், தாம் எங்கே இருக்கிறோம் என்ற தெளிவில்லாமல் கிடந்தார். மருத்துவமனையில் சில நாட்கள் இருந்து பிழைத்துத் திரும்பினார். ‘உங்களுக்கு எப்படித் தெரிந்தது?’ என்று காவலாளியிடம் பிறகு கேட்டேன். ‘அந்தம்மா துணியை வெயிலில் விடமாட்டாங்களே’ என்றார். நானும் அதை அறிந்திருந்தேன், ஆண்டுக்கணக்கில் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான். நான் பார்த்ததற்கும் அவர் கதவைத் தட்டியதற்கும் இடையில் அன்று நான் செலவிட்ட நான்கு மணி நேரத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது. வியர்ப்பதும் குறைகிறது. சில மருந்துகள் உடலின் நீரை மேலும் இறைத்துவிடுகின்றன. தமக்குத் தண்ணீர் தேவை என்பதே பெரியவர்களுக்குத் தெரியாமல் போகலாம். அதனால்தான் வெளியிலிருந்து இன்னொருவர் பார்க்க வேண்டியிருக்கிறது. வாசலில் உட்கார்ந்திருந்தார் என்ற உங்கள் வரியைப் படித்ததும் எனக்கு முதலில் மகிழ்ச்சிதான் உண்டானது. கதவு திறந்திருக்கிறது, ஆள் வெளியே இருக்கிறார், ஒருவர் அவரைத் தினமும் பார்க்கிறார்.

ஆனால் பக்கங்களைத் தொடர்ந்து புரட்டியபோது வேறொன்று புலப்பட்டது. அந்தப் பெரியவர் உங்கள் நாட்குறிப்பில் நான்கு முறை வருகிறார். முதல் முறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாம் முறை உங்கள் மகனிடம் மணி கேட்கிறார். மூன்றாம் முறை மீண்டும் வாசலில் இருக்கிறார். நான்காம் முறைதான் நீங்கள் கடிதத்தில் எடுத்தெழுதிய வரி, அதிலுள்ள ‘இன்றும்’ என்ற சொல் அவரை நீங்கள் எதிர்பார்க்கப் பழகிவிட்டதைக் காட்டுகிறது. அதற்குப் பிறகு ஐந்து வாரப் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் எங்கும் அவர் இல்லை. வேறு ஊருக்குப் போயிருக்கலாம், உறவினர் வந்து அழைத்துப் போயிருக்கலாம், அல்லது அவர் வழக்கம்போல் அங்கேயே இருக்க, நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். பக்கங்களை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தெரியாது என்றால், எனக்குப் பதில் எழுதுவதற்கு முன், கீழே இறங்கிப்போய் அந்தக் கதவை ஒருமுறை தட்டிப் பாருங்கள். மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், அவனிடம்தானே அவர் மணி கேட்டார்.

அன்புடன்.