காலைத் தலைவலியும் கை இழுப்பும்

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. ஒரு மாதமாகக் காலையில் எழும்போதே தலைவலி, வாந்தி. கண்ணாடி மாற்றியும் தீரவில்லை. போன வாரம் இடது கை மட்டும் இரண்டு நிமிடம் வெட்டி வெட்டி இழுத்தது. மூளைப் புற்றுநோயாக இருக்குமோ?
- வாசகி, தக்கலை

பதில்: வெறும் தலைவலி என்றால் பெரும்பாலும் புற்றுநோய் இல்லை என்றிருப்போம். கை இழுத்ததுதான் உறுத்துகிறது. இந்த வயதில் முதன்முறையாக வலிப்பு வந்தால் மூளையைப் படம் எடுத்தே ஆகவேண்டும். படுத்திருக்கும்போது மண்டைக்குள் அழுத்தம் ஏறும். விடியற்காலை வலி அதனாலும் வரலாம். குனிந்தால், இருமினால் கூடுகிறதா என்று கவனியுங்கள். கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் விழிக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருப்பது தெரியும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்கு உதவாது.

தள்ளிப்போடாமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். சிடி ஸ்கேனில் சிறு கட்டி தப்பிவிடலாம். ஊசிமருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐ தெளிவாகக் காட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கட்டி தெரிந்தாலும் உடனே புற்றுநோய் என்று கலங்க வேண்டாம். காசநோய்க் கட்டியும் நாடாப்புழுக் கட்டியும் அதே மாதிரித் தோன்றும். சந்தேகம் இருந்தால் திசுவை எடுத்துச் சோதித்துத்தான் உறுதிசெய்வார்கள்.

மறுபடி இழுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாவிக்கொத்து வேண்டாம், வாயில் எதையும் திணிக்கவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108. பரிசோதனை முடிந்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவர் பைக் ஓட்டுவதும் தனியாகக் குளத்தில் குளிப்பதும் கூடாது.