வெள்ளத்தில் கலங்காத நான் இப்போது எதற்கெடுத்தாலும் அழுகிறேன்

கேள்வி:

மேடம், வணக்கம். எனக்கு வயது 42. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் இருக்கிறோம். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. மாதாமாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி தாக்கல் என்பதால், அதையொட்டிய நாட்களில் டிரெயின் பிடித்து வீடு வந்து சேர இரவு பத்தாகிவிடும். இந்த வருஷம் ஆபீஸில் சாஃப்ட்வேரை மாற்றினார்கள். புது மேனேஜர் எல்லார் முன்னாலும், "இத்தனை வருஷம் எப்படித்தான் வேலை பார்த்தீங்களோ" என்றார். அன்றிலிருந்து அவர் கூப்பிட்டாலே கை நடுங்குகிறது.

வீட்டில் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருகிறார். காலையும் இரவும் நான்தான். வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. பையன் பிளஸ் டூ. நாத்தனார் பெரம்பூரில் இருக்கிறார்; பண்டிகைக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்.

2015 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். சின்னப் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் அங்கேதான். ஒரே சட்டியில் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். பீரோ, துணிமணி, சர்டிஃபிகேட் எல்லாம் போயிற்று. அப்போதுகூட நான் அழவில்லை. ஆனால் போன வாரம் பால் பொங்கி வழிந்ததற்கு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது, போனில் ஆபீஸ் மெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில நேரம் எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது. யாரிடம் சொன்னாலும், "உனக்கென்ன, நீ சமாளிச்சிடுவே" என்கிறார்கள். பழைய மனத்தெம்பு எனக்குத் திரும்ப வருமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றை நேராகவே கேட்டுவிடுகிறேன். எங்காவது போய்விடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணமும் அதில் கலந்திருக்கிறதா? கொஞ்சமாவது இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் சேவையின் 14416 எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். வீட்டுக்காரரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. தெம்பு குறைந்துபோனது என்ற முடிவோடுதான் நீங்கள் கடிதத்தையே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மொட்டை மாடியில் நீங்கள் தனியாக இல்லை. பையனை வாங்கிக்கொள்ள ஒரு கை இருந்தது, கஞ்சிக்கு அரிசி யாரோ கொடுத்தார்கள். எல்லார் வீடும் மூழ்கியதால் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. தண்ணீர் எப்படியும் வடியும் என்பதும் தெரியும். இன்றைக்கு இதில் எதுவுமே இல்லை. காலையில் மாமியாருக்கு உடம்பு துடைத்துவிட்டு ஓடுகிறீர்கள், ஆபீஸில் பேச்சு வாங்குகிறீர்கள், இரவு திரும்பவும் அதே வேலை. எப்போது முடியும் என்று சொல்லவும் ஆள் இல்லை. பால் பொங்கியதற்கு அழுதேன் என்கிறீர்கள். அன்றைக்குப் பொங்கியது பால் மட்டும் இல்லை.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த குழந்தைகளை, உளவியலாளர் எம்மி வெர்னரும் அவர் குழுவினரும் அவர்களுக்கு நாற்பது வயதாகும்வரை கவனித்து வந்தார்கள். வறுமை, ஓயாத குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சிக்கல்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில்கூட ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்கு வாய்த்தவற்றில் முக்கியமானது, நம்பிப் பற்றிக்கொள்ள வீட்டிலோ வெளியிலோ ஒரு பெரியவர் இருந்தது. அது குழந்தைகளைப் பற்றிய ஆய்வுதான். ஆனால் என்னிடம் வரும் பெரியவர்களிடமும் இதைத்தான் பார்க்கிறேன். பக்கத்தில் ஆள் இருப்பவர்கள் விழுந்தாலும் எழுந்துவிடுகிறார்கள்.

உடம்பையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழகப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை இருந்தது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருஷங்களிலும் தூக்கம் கெடும், அழுகை வரும். இதற்கெல்லாம் மருந்து இருக்கும்போது மனத்தை நொந்துகொள்வானேன்? பரிசோதனையில் ஒன்றும் இல்லாமல், இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இதே சோர்வு என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் போன் அடுத்த அறையில் இருக்கட்டும். புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து போய் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கியதும் வந்து படுங்கள். ஆபீஸ் கவலைகளுக்குச் சாயங்கால டிரெயினில் இருபது நிமிஷம் ஒதுக்கி, ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். இரவில் அது தலைதூக்கினால், "நாளைக்கு டிரெயினில் பார்க்கலாம்" என்று தள்ளிவைக்கப் பழகலாம். சில வாரம் பிடிக்கும்.

மேனேஜர் பேசியது தவறு. அதை உங்கள் திறமைக்கு வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 20-ஆம் தேதி தாண்டியதும், தனியாக, "புது சாஃப்ட்வேரில் எனக்கு ஒரு வாரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், குறை இருந்தால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

மாமியாருக்கு உதவி கேட்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றி விசாரியுங்கள். 2021-இல் தொடங்கிய அரசுத் திட்டம். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். அவர் வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தாலே உங்கள் காலை வேளை எவ்வளவோ லேசாகும். பையனுக்குப் பரீட்சை என்று எல்லாவற்றிலிருந்தும் விலக்கி வைக்காதீர்கள். பாட்டிக்கு ராத்திரி மாத்திரை கொடுக்கப் பத்து நிமிஷம் போதும்.

அப்புறம், நாத்தனார். கடிதத்தில் ஒரே வரியில் அவரைக் கடந்து போய்விட்டீர்கள். படுத்திருப்பது அவரைப் பெற்ற அம்மா. "உங்களால முடிஞ்சப்ப வாங்க அண்ணி" என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். தேதி சொல்லிக் கேளுங்கள்: "அண்ணி, மாசம் ரெண்டு சனி, ஞாயிறு நீங்க வந்து அத்தையோட இருங்க. 11, 20 தேதிக்கு முந்தின ராத்திரியும் நீங்க இருந்தா நான் நிம்மதியா வேலை முடிச்சுட்டு வருவேன்." இதை உங்கள் வீட்டுக்காரர் தன் வாயால் சொன்னால் இன்னும் நல்லது. முதல் தடவை மழுப்பலாம். ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், போனில் பேசுங்கள்.