சோற்றை நிறுத்தினால் பீரியட்ஸ் சரியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 24, எடை 74 கிலோ. கோவையில் பெண்கள் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறேன். ஒரு வருடமாக பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான், சில சமயம் அதையும் தாண்டுகிறது. தாடையில் முடி வளர்கிறது. ஸ்கேன் பார்த்த டாக்டர் பிசிஓஎஸ் (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) என்றார், எடையைக் குறைக்கச் சொன்னார். சோற்றை அடியோடு நிறுத்தினேன். தலைசுற்றல்தான் மிச்சம். ராத்திரியானால் பிஸ்கட் பாக்கெட் காலியாகிறது. “கல்யாணமானா சரியாயிடும், வெளியே சொல்லாதே” என்கிறார் அம்மா. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த பிஸ்கட் பாக்கெட்டுக்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். பகலெல்லாம் காயப்போட்ட வயிறு ராத்திரியில் கேட்கத்தான் செய்யும்.

பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலானோருக்கு, ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. அதனால் கணையம் இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையை உசுப்பிவிட, ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் ஏறுகிறது. தாடையில் முடி வளர்வதும், கருமுட்டை முதிர்ந்து வெளிவராமல் பீரியட்ஸ் தள்ளிப்போவதும் அதனால்தான். ஸ்கேனில் தெரிந்தவை பாதியில் வளர்ச்சி நின்றுபோன முட்டைப்பைகள். ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல, பயப்படாதீர்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பிசிஓஎஸ்ஸுக்காக 2023-இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல், எந்த ஒரு டயட்டையும் மற்றதைவிட உசத்தி என்று சொல்லவில்லை. விடாமல் தொடர முடிகிற சாப்பாடுதான் உங்களுக்கான டயட். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு பீரியட்ஸ் சீராகத் தொடங்குகிறது. உங்களுக்கு அது நாலு கிலோகூட இல்லை.

விடுதித் தட்டு எப்படி இருக்கும் என்று தெரியாதா? குவியலாகச் சோறு, தண்ணியாக சாம்பார், ஓரத்தில் பேருக்கு ஒரு கரண்டி பொரியல். சோற்றை ஒதுக்க வேண்டாம், பாதியாக்குங்கள். பொரியலை இரண்டு மடங்கு கேட்டு வாங்கி, அதையும் முட்டையையோ சுண்டலையோ முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்குப் போங்கள். அதே சோறுதான், ஆனால் ரத்தத்தில் சர்க்கரை நிதானமாக ஏறும். கெட்டில் இருந்தால் முட்டையை அறையிலேயே அவித்துக்கொள்ளலாம் (வார்டன் கோபித்தால் நான் பொறுப்பில்லை). சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை அல்லது முளைகட்டிய பயறு சாப்பிட்டுப் பாருங்கள், பிஸ்கட் தேடும் வேகம் தானாகக் குறையும்.

கேழ்வரகுக் கஞ்சி குடித்தால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவர்கள் நிறைய. மாவாக்கிக் கூழாகக் காய்ச்சிவிட்டால் சிறுதானியமும் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரைதான். ஒரு நாளைக்கு எத்தனை டீ, அதில் எத்தனை ஸ்பூன் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ராத்திரி சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியில் நடங்கள். மெல்ல மெல்லக் கூட்டி வாரத்துக்கு 150 நிமிடம் வரை கொண்டுவந்தால் போதும். இதற்குத் துணை வேண்டும். தனியாக நடப்பவர் மூன்றாம் நாள் மழை என்று நின்றுவிடுவார்.

“வெளியே சொல்லாதே” என்பதில்தான் எனக்கு அம்மாவோடு சண்டை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு பிசிஓஎஸ் இருக்கிறது. அதில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பதே தெரியாது. உங்கள் விடுதியிலும் நாலைந்து பேராவது இருப்பார்கள். சாப்பாட்டு மேஜையில் “எனக்கு பிசிஓஎஸ், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்” என்று சாதாரணமாக ஒருநாள் சொல்லிப் பாருங்கள். “அக்கா, எனக்கும்தான்” என்று யாராவது அறைக்கே வருவார்கள். மூன்று பேர் சேர்ந்தால் மெஸ் பொறுப்பாளரிடம் தினமும் ஒரு சுண்டல் கேட்கலாம். ஒருவர் கேட்டால் காதில் விழாது. வாட்ஸ்அப் குழு வைத்தால் நடந்ததையும் சாப்பிட்டதையும் போடுங்கள், எடை எண்ணைப் போட வேண்டாம். ஒருவருக்குக் குறைவதுபோல் இன்னொருவருக்குக் குறையாது, மனம் விட்டுப்போகும். குழுவில் யாராவது எடை குறைக்கும் பவுடர் விற்க ஆரம்பித்தால் வெளியேறிவிடுங்கள்.

கல்யாணம் பிசிஓஎஸ்ஸுக்கு மருந்து இல்லை. அதே சமயம், பிசிஓஎஸ் இருந்தால் குழந்தை பிறக்காது என்பதும் பொய். பலருக்குத் தானாகவே கருத்தரிக்கும், மற்றவர்களில் நிறையப் பேருக்கு முட்டை வெளிவர உதவும் மாத்திரையே போதும். அம்மாவின் பயம் அதுதான் என்றால், அடுத்த முறை அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

போகும்போது கடைசி ஆறு பீரியட்ஸ் தேதிகளை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். 90 நாள் தாண்டியும் வரவில்லையென்றால் டயட் பலன் தரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தாடை முடிக்கு மாத்திரை கொடுத்தால், பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். இரண்டாம் மாதமே நிறுத்திவிடாதீர்கள். அதுவரை த்ரெடிங்கோ ஷேவிங்கோ செய்துகொள்ளலாம், ஷேவ் செய்தால் முடி தடிமனாகாது.