வாசகர் கேள்வி: பெல்ஜியத்துப் பொரித்த உருளைக்கிழங்கு

கேள்வி: பெல்ஜியத்திலிருந்து மகளின் சிநேகிதி வருகிறாள். அவளுக்காக அவர்கள் முறையில் கிழங்கு பொரித்துப் பார்த்தேன். வெளியே கருகுகிறது, உள்ளே வேகவில்லை. ஏன்?
– வாசகி, இணுவில்

பதில்: ஒரே தடவையில் பொரித்திருப்பீர்கள். அங்கே இரண்டு தடவை பொரிப்பார்கள். கிழங்கை 1 சென்ரிமீற்றர் தடிப்பில் நீளமாக வெட்டி, அலசி, துணியால் நன்றாக ஒற்றுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் பொங்கும். முதலில் 150 பாகை செல்சியஸில் 5, 6 நிமிடம். நிறம் மாறக்கூடாது, அழுத்தினால் மசியவேண்டும். பிறகு அரைமணி நேரம் ஆறவிடுங்கள். இதில் அவசரப்படவே கூடாது, உள்ளே இருக்கும் ஆவி வெளியேறினால்தான் மொறுமொறுப்பு வரும். அடுத்து 180 பாகையில் 2, 3 நிமிடம். தாச்சியை நிரப்பினால் சூடு இறங்கி, கிழங்கு எண்ணெய் குடிக்கும்.

குளிர்சாதனப்பெட்டியில் வைத்த கிழங்கு வேண்டாம். குளிரில் மாப்பொருள் சர்க்கரையாகும், அதுவே சீக்கிரம் கருகவைக்கும்.

அங்கே மரபாக மாட்டுக்கொழுப்பில் பொரிப்பார்கள். சைவ வீட்டுக்குச் சூரியகாந்தி எண்ணெய் போதும். செக்குத் தேங்காயெண்ணெய் 180 பாகைக்கு முன்னரே புகையத் தொடங்கும். தொட்டுக்கொள்ள மயோனெய்ஸ் வையுங்கள், அவளுக்கு ஊர் நினைவு வரும்.