பொம்மை ஏன் முறைக்குது?

கைவேலை கேள்வி பதில்

கே: அக்கா, நான் அம்மாப்பேட்டை. போட்டோ அனுப்புனா அதே சாயல்ல துணி பொம்மை தெச்சுக் குடுக்கறேன், ஆர்டர் ஓரளவு வருது. முடி, பாவாடை, கொலுசு எல்லாம் அம்சமா வந்துருது, கண்ணுதான் மானத்தை வாங்குது. போன வாரம் ஒரு அம்மா "பாப்பா பொம்மைய பாத்து அழுவுதுங்க, முறைக்கிற மாதிரியே இருக்குது"ன்னு போன் பண்ணிட்டாங்க. வட்டமா கருப்பு நூல்ல சேட்டின் ஸ்டிச் (இடைவெளி விடாம நெருக்கி நிரப்பற தையல்), சுத்தியும் வெள்ளை, ஓரத்துக்கு பேக் ஸ்டிச் (ஒவ்வொரு தடவையும் பின்னால திரும்பிப் போடற கோட்டுத் தையல்). எங்க தப்பு பண்றேன்?

ப: கண்ணு, நீ அனுப்புன போட்டோவ பாத்துட்டு நானே ஒரு நிமிஷம் போனை கவுத்து வெச்சுட்டேன், கோச்சுக்காத. தையல்ல குறை இல்ல, உன் கை சுத்தமான கை. மாரியம்மன் கோயில் வாசல்ல தகட்டுல கண்மலர் விப்பாங்கல்ல, அதை ஒருக்கா கையில எடுத்துப் பாரு. கருவிழி முழு வட்டமா நடுவுல நிக்கும், சுத்தியும் வெறும் வெள்ளி. ஆத்தாவுக்கு அதுதான் அழகு, அவ இமைக்காம பாக்கணும். அதே கண்ண நீ ரெண்டு வயசுப் புள்ள பொம்மைக்கு வெச்சிருக்க, அது அழுவாம என்ன பண்ணும்?

மனுஷக் கண்ணுல மேல் இமை கருவிழியோட தலைய கொஞ்சம் மறைச்சுத்தான் கிடக்கும். கருவிழிக்கு மேல வெள்ளை தெரிஞ்சா ஒண்ணு பயந்துருக்கோம், இல்ல கோவத்துல இருக்கோம். அதனால முதல்ல இமைக் கோட்ட வரை, கருவிழி அதுலருந்து தொங்கற மாதிரி வரட்டும், மேல் பக்கம் நாலுல ஒரு பங்கு இமைக்குள்ள போயிரட்டும். கீழ் கோடு போடறதுன்னா ஒத்த இழையில லேசா போடு, போடாட்டியும் ஒண்ணும் குறையாது. மேல் கோடுதான் பார்வைய தாங்கும், அதுக்கு ரெண்டு மூணு இழை எடுத்துக்கலாம். எம்ப்ராய்டரி நூல்ல ஆறு இழை இருக்கும், அப்படியே முழுசா கோத்துத் தெச்சா கண்ணு கரடு தட்டிப் போயிரும்.

கருவிழிக்கு ஏன் தனிக் கருப்பு? நம்ம ஊர்ப் புள்ளைங்க கண்ண வெயில்ல பாரு, அடர் காப்பிக் கலர்தான். காப்பிக் கலர்ல வட்டம், அதுக்குள்ள சின்னதா கருப்புல கண்பாப்பா. வட்டத்தோட ஓரத்துல முதல்ல ஸ்பிளிட் ஸ்டிச் (முந்தின தையலோட நூலைப் பிளந்து ஊசி வர்ற கோட்டுத் தையல்) ஓட்டிட்டு அதையும் மூடி சேட்டின் ஸ்டிச் போட்டீன்னா விளிம்பு பிசிறு இல்லாம நிக்கும். கடைசியா வெள்ளை நூல்ல ஒரு புள்ளி, அதுலதான் உயிரு வரும், ஆனா இங்கதான் நிறைய பேர் வழுக்கறாங்க. இடது கண்ணுல இடது மேல் பக்கம் வெச்சா வலது கண்ணுலயும் இடது மேல்தான். வெளிச்சம் ஒரே ஜன்னல்லருந்துதான வருது! கண்ணாடியில திருப்புன மாதிரி ஆளுக்கொரு பக்கம் வெச்சா பார்வை கலங்கிரும்.

இன்னொண்ணு, ஒரு கண்ண முழுசா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போகாத. ரெண்டுக்கும் இமை, ரெண்டுக்கும் காப்பிக் கலர்னு மாத்தி மாத்தி போடு. ஊசி எடுக்கறதுக்கு முன்னாடி பேப்பர்ல கண்ண வெட்டி குண்டூசி குத்தி, கை நீட்டுன தூரத்துல வெச்சுப் பாரு. புள்ள முகத்துக்கு கண்ணு முகத்தோட பாதிக்கும் கீழ இருக்கணும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு கண்ணு அளவு இடம். மேல தூக்கி வெச்சீன்னா புள்ளைக்குப் பெரிய மனுஷி முகம் வந்துரும்.

கே: ஏற்காட்டுலருந்து எழுதறேங்க. ஹோசரி துணியில (பனியன் துணி) தட்டையா இருக்கறப்ப கண்ணு நல்லாத்தான் இருக்கு, பஞ்சு அடைச்சதும் ரெண்டும் காது பக்கம் ஓடிருது. நீலப் பேனா கோடும் அயர்ன் பண்ணப்புறம் போகவே மாட்டேங்குது.

ப: இழுபடற துணி, பஞ்சு உள்ள போனா உருண்டு பக்கவாட்டுல திரும்பத்தான் செய்யும். வரையும்போதே கண்ண கொஞ்சம் கிட்ட வரைஞ்சுக்கங்க. துணிக்குப் பின்னால டெய்லர்ங்க காலருக்கு ஒட்டற கேன்வாஸ்லயே மெல்லிசு ரகமா ஒட்டிட்டு எம்ப்ராய்டரி ரிங்ல மாட்டுங்க, மாட்டறப்ப துணிய இழுத்து விறைக்காதீங்க. அடைச்சப்புறம் தெச்சுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, என் முதல் பொம்மைக்கு அப்படித்தான் பண்ணேன், ஒரு கண்ணு மேல ஒரு கண்ணு கீழ, பல வருஷமா கொலுவுல கடைசிப் படியில மரப்பாச்சிக்குப் பின்னாடிதான் நிக்குது.

தண்ணியில போற நீலப் பேனாவுக்கு சூடு ஆகாது, அயர்ன் பட்டா கறை அப்படியே பிடிச்சுக்கும். முதல்ல பச்சைத் தண்ணியில அலசி கோடு போனப்புறம்தான் அயர்ன். தானா மறையற ஊதா பேனா வாங்கிராதீங்க, உங்க ஊர் மஞ்சு ஈரத்துல நீங்க ஒரு கண்ணு முடிக்கறதுக்குள்ள அடுத்த கண்ணோட கோடு காணாமப் போயிரும். அலசுன துணி நல்லா காஞ்சப்புறம் பஞ்சு அடைங்க, ஈரத்தோட அடைச்சா உள்ள பூஞ்சை பிடிச்சு வாடை அடிக்கும்.

கே: தங்கச்சி பாப்பாவுக்கு ஒரு வயசு. கண்ணுக்கு பட்டன் வெச்சா சீக்கிரம் முடியுமே? (குகை வாசகி)

ப: வேண்டாம்மா. அந்த வயசுல எதையும் வாயிலதான் வைக்கும், பட்டன் பிஞ்சு வந்தா தொண்டையில போய் அடைச்சுக்கும். பாசிமணியும் கூடாது. நூல் கண்ணுதான், முடிச்சையும் முகத்துக்கு உள்பக்கமா போடு.