பாடத்திட்டத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தால் அது தணிக்கையா?

கேள்வி: “பல்கலைக்கழகம் ஒரு புத்தகத்தைப் பாடத்திலிருந்து எடுத்தால் உடனே கருத்துரிமை போய்விட்டது என்கிறார்கள். புத்தகம் கடையில் கிடைக்கிறதே, யாரும் தடை செய்யவில்லையே. பாடத்தை மாற்றுவது பல்கலைக்கழகத்தின் உரிமை இல்லையா?”

உரிமைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் பதினெட்டு வருடமாக ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். சில வருடங்களுக்கு ஒருமுறை பாடத்திட்டம் மாறும், நானே பல புத்தகங்களை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரே தாளில் இரண்டு பெரிய நாவல் இருந்தால் செமஸ்டருக்குள் முடியாது, சில புத்தகம் அச்சிலேயே இருக்காது, சிலது பிள்ளைகளுக்கு ஒட்டவே ஒட்டாது. இதையெல்லாம் துறைக்குள் சண்டை போட்டுப் பேசி, பாடத்திட்டத்தைத் தயாரிக்கும் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸில் வைத்து, அதற்கு மேலே இருக்கும் கல்விக் குழுவான அகாடமிக் கவுன்சிலில் ஒப்புதல் வாங்கி மாற்றுவோம். இதை யாரும் தணிக்கை என்று சொன்னதில்லை. அதனால் எடுத்தார்களா என்பதை விட, யார் சொல்லி எடுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள், எத்தனை நாளில் எடுத்தார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

எங்கள் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. ஆங்கிலம் மூன்றாம் செமஸ்டரில் அருந்ததி ராயின் ‘வாக்கிங் வித் தி காம்ரேட்ஸ்’ 2017 முதல் பாடமாக இருந்தது. மத்திய இந்தியாவின் தண்டகாரண்யக் காட்டில் மாவோயிஸ்டுகளோடு நடந்து போய்ப் பார்த்ததை அவர் 2010இல் எழுதியது. 2020 நவம்பரில் ஏபிவிபி என்ற மாணவர் அமைப்பு, இது மாவோயிஸ்டுகளை ஆதரிக்கிறது என்று புகார் கொடுத்தது. ஒரு வாரத்துக்குள் ஒரு குழு கூடி நீக்கியது. மூன்று வருடமாகப் பிள்ளைகள் படித்து, பரீட்சை எழுதி, தேறி வெளியே போயிருக்கிறார்கள். அந்த வகுப்புகளில் என்ன நடந்தது, ஆசிரியர்கள் அதை எப்படி நடத்தினார்கள் என்பதைப் பற்றி வெளியில் ஒரு பேச்சும் வரவில்லை. நூலாசிரியர் மாவோயிஸ்டுகள் இருக்கும் இடத்துக்குப் போய் வந்தார், புத்தகம் அவர்களைப் புகழ்கிறது என்ற புகார், இவ்வளவுதான் துணைவேந்தர் பத்திரிகைகளுக்குச் சொன்ன விளக்கத்தில் இருந்தது.

அதற்குப் பதிலாக வைத்தது மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள். எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம். திருநெல்வேலியில் பிறந்தவர், அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் பறவைகளையும் யானைகளையும் பற்றி அவரைப் போல எழுதியவர்கள் குறைவு. நெல்லையில் அவரைப் பாடமாக வைக்க யாருடைய புகாருக்கும் காத்திருந்திருக்க வேண்டியதில்லை, எப்போதோ வைத்திருக்கலாம். இந்த மாதிரிச் சமயத்தில் நல்ல எழுத்தாளர் ஒருவரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்துவிட்டால் எதிர்த்துப் பேச வந்தவர்களுக்கும் வாய் அடைத்துப் போகிறது. கிருஷ்ணனுக்கு எதிராக யார் பேசுவார்கள்?

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இதே கதை இரண்டு முறை நடந்தது. ராமாயணத்தின் பல வடிவங்களைப் பற்றி ஏ.கே. ராமானுஜன் எழுதிய கட்டுரை (கம்பராமாயணமும் அதில் வருகிறது) பி.ஏ. வரலாற்றுப் பாடத்தில் இருந்தது. 2008இல் அந்தக் கட்டுரையை எதிர்த்தவர்கள் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், நான்கு பேர் கொண்ட நிபுணர் குழு அமைத்தார்கள். நான்கில் மூன்று பேர் கட்டுரை இருக்கலாம் என்றார்கள். ஆனாலும் 2011 அக்டோபரில் அகாடமிக் கவுன்சில் அதை நீக்கியது. நிபுணர்களைக் கேட்டுவிட்டு, அவர்களில் பெரும்பாலோர் சொன்னதற்கு நேர் எதிராக முடிவெடுத்தால், அந்த முடிவில் பாடம் சம்பந்தப்பட்டது என்ன இருக்கிறது?

அடுத்தது 2021 ஆகஸ்ட். பி.ஏ. ஆனர்ஸ் ஆங்கிலத்தில் இருந்த பாமாவின் ‘சங்கதி’ நாவல், சுகிர்தராணியின் கவிதைகள், மஹாஸ்வேதா தேவியின் ‘திரௌபதி’ சிறுகதை மூன்றும் போயின. நீக்கச் சொன்னது ஆங்கிலத் துறை இல்லை, மேலே இருந்த ஒரு கண்காணிப்புக் குழு. அகாடமிக் கவுன்சிலில் 15 உறுப்பினர்கள் எழுத்துபூர்வமாக மறுப்புத் தெரிவித்தும் நிற்கவில்லை. பாமாவும் சுகிர்தராணியும் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய டீச்சர்கள். அவர்கள் எழுதியது டெல்லியில் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று முடிவு செய்தவர்கள் அதற்கு ஒரு நல்ல காரணத்தையாவது வெளிப்படையாக எழுதி வைத்திருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்கள் கேட்ட இன்னொன்று, புத்தகம் கடையில் கிடைக்கிறதே என்பது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் வழக்கில் 2016இல் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள், படிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற பொருளில் சொன்னது. அதைக் காட்டிச் சிலர் என்னிடம், “பாடம் என்றால் கட்டாயம்தானே மேடம், பிடிக்காதவன் எங்கே தூக்கிப் போடுவான்?” என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வகுப்பில் படிப்பது வேறு மாதிரிப் படிப்பு. தனியாகப் படிப்பவன் பிடித்தால் தலையில் வைத்துக்கொள்வான், பிடிக்காவிட்டால் மூடி வைப்பான். வகுப்பில் பக்கத்தில் ஒருத்தி எழுந்து “இது ஒருதலைப்பட்சமாக இருக்கு” என்பாள், இன்னொருவன் “எங்க ஊர்ல இப்படித்தான் நடக்குது” என்பான், நடுவில் நான் நின்றுகொண்டு, சரி, அந்தப் பத்தியைத் திரும்ப வாசி என்பேன். எழுத்தாளரை எதிர்த்து எழுதிய விடைத்தாளுக்கு நான் நல்ல மார்க் போட்டிருக்கிறேன், நிறையத் தடவை. சிக்கலான புத்தகத்தை எதிர்த்து வாதாடக் கற்றுக்கொள்ள வகுப்பை விட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு இடம் கிடையாது. பெரும்பாலானவர்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், கடையில் போய் முந்நூறு ரூபாய்க்கு ஆங்கிலப் புத்தகம் வாங்க மாட்டார்கள். பாடத்தில் இல்லை என்றால் அவர்களைப் பொறுத்தவரை அந்தப் புத்தகமே இல்லை.

அப்புறம் செய்தியில் வராத பாதிப்பு ஒன்று இருக்கிறது. நெல்லை விவகாரத்துக்கு அடுத்த வருடம், ஒரு பாடத்திட்டக் கூட்டத்தில் (எந்தக் கல்லூரி என்பது வேண்டாம்) சாதி பற்றிய ஒரு சிறுகதையைச் சேர்க்கலாம் என்று சொன்னேன். மூத்தவர் ஒருவர், நல்ல மனிதர், எனக்கு எத்தனையோ உதவி செய்தவர், “எதுக்கும்மா வம்பு, வேற ஏதாவது பாரு” என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான் பேசவில்லை. இரண்டு நிமிடத்தில் அடுத்த தாளுக்குப் போய்விட்டோம், கூட்டக் குறிப்பில் அந்தக் கதையின் பெயர்கூட ஏறவில்லை. யாரும் புகார் கொடுக்கவில்லை, யாரும் நீக்கவும் இல்லை, ஆனால் அந்தக் கதை அந்த வகுப்புக்குப் போய்ச் சேரவில்லை. இப்படி எத்தனை கூட்டங்களில் எத்தனை கதை போனது என்று எண்ணவே முடியாது.

உங்கள் பல்கலைக்கழகத்தில் ஏதாவது பாடத்தை எடுத்தார்கள் என்றால், அது அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய். போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டக் குறிப்பின் நகல், அந்தக் கூட்டம் நடந்த தேதி, பாடத்தை எடுக்கச் சொல்லிக் கடிதம் ஏதும் வந்திருந்தால் அதன் நகல், மூன்றையும் கேளுங்கள். கடிதத்தின் தேதியையும் கூட்டத்தின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.